கடற்கரைக் களியாட்டமும் எமது கண்டனக்காரரும்

கடற்கரை விடுதிகளிலே உண்டும் குடித்தும் ஆடியும் இரவைக் கழிக்கும் வழக்கம் எமது பண்பாட்டை அழிக்கின்றது என்ற குற்றச்சாட்டு எமது மேடைகளிலே அடிக்கடி ஒலிக்கின்றது. பட்டிமன்றத் தலைப்பாகவும், கோயில் மண்டபச் சொற்பொழிவாகவும், பத்திரிகைக் கடிதமாகவும் அது வருகின்றது. வளாகத்தினுள்ளும், தம்மை முற்போக்காளர் எனச் சொல்லிக்கொள்ளும் நண்பர்கள் கூட இவ்விடயத்தில் ஊர்ப் பெரியாரின் குரலிலேயே பேசுகின்றனர். அக்கண்டனத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடுதி முதலாளிகளுக்காக வாதாடுவதற்கு எனக்கு எவ்விதக் காரணமும் இல்லை. அவர்கள்மீது சுமத்தப்பட வேண்டிய குற்றம் வேறு. அதனைச் சுமத்த வேண்டியவர்கள் தவறான இடத்தில் நின்று கூச்சலிடுவதால் அவர்கள் தப்பித்துக்கொள்கின்றனர் என்பதே எனது வாதம்.

பொத்துவிலுக்குத் தெற்கே கிடக்கும் அறுகம்குடாவை எடுத்துக்கொள்வோம். உல்லை என்று ஊரார் வழங்கும் கிராமத்தின் கரை அது. முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் அருகருகே வாழும் பிரதேசம். ஏப்ரல் கடைசி தொடக்கம் ஒக்டோபர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று நாட்டின் மறுகரையைக் குழப்பிக்கொண்டிருக்கும் மாதங்களிலே, பலகையிலே அலையேறிச் சறுக்கும் விளையாட்டுக்காகப் பல தேசத்து இளைஞர் அங்கு வந்து குவிவர். பொழுது சாய்ந்ததும் மணலிலே மேசைகள் இறங்கும். பனிக்கட்டி பரப்பிய தட்டிலே பாரையும் அறுக்குளாவும் கணவாயும் இறாலும் கிடக்கும். விருந்தாளி விரல் நீட்டிய மீன் கரியடுப்பிலே வாட்டப்பட்டு வரும். ஒன்பது மணிக்கு மேல் மேசைகளை ஒதுக்குவர். ஒலிபெருக்கியில் தாளம் ஏறும். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆணும் பெண்ணும் ஆடுவர். கூரை கிடுகு, தூண் தென்னங்குற்றி, பெயர் கபானா. (அதே கிடுகும் அதே குற்றியும் கொண்டு மீனவன் கட்டிய குடிலுக்கு வாடி என்று பெயர். வாடி அநுமதியற்ற கட்டடம், கபானா முதலீடு. இவ்வேறுபாட்டை விளக்கவல்ல கட்டடக் கலைஞர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.)

இவ்விருந்தும் ஆட்டமும் எமக்கு அந்நியமானவை என்பது கண்டனக்காரரின் முதல் வாதம். தமிழ் விசேட பாடம் பயில்வோர் இதனைக் கேட்டுவிட்டுத் தலையசைப்பதுதான் எனக்கு வியப்பளிக்கின்றது. புறநானூற்றின் இருபத்துநான்காம் பாட்டிலே மாங்குடி கிழார் காட்டும் பரதவர் யாவர்? வன்மையான திமில்களையுடைய அம்மக்கள் சூடான கள்ளையுண்டு குரவையாடினர் எனப் புலவர் பாடுகின்றார்; அதனை ஒரு நாட்டின் வளமாகவே அவர் எண்ணுகின்றார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையை விரித்துப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாமீனின் கொம்பை நட்டுத் தெய்வத்தை வழிபடுகின்றனர், தாழைமலர் சூடுகின்றனர், பனங்கள்ளைப் பருகுகின்றனர், தம் பெண்களோடு கூடி, கடலுக்குப் போகாது, உண்டு விளையாடுகின்றனர். அது உவா நாள், அதாவது முழுமதி நாள் என்று உரை கூறுவர். அதே பாட்டிலே நகரத்து மகளிர் பட்டைக் களைந்து மெல்லிய துகில் உடுக்கின்றனர். கள்ளை விட்டு உயர்ந்த மதுவை அருந்தி மகிழ்கின்றனர். இந்நாட்டிலே பூரணை தினம் மதுவிற்பனைக்குத் தடைசெய்யப்பட்ட நாள். பட்டினப்பாலைப் பரதவன் எமது கரைக்கு வந்தால் ஆண்டிற் பன்னிரண்டு நாள் வழக்குக்கு ஆளாவான்.

அக்காலத்தை மீண்டும் கொண்டுவர வேண்டுமென்று நான் சொல்லவில்லை. சங்கப் பாடல் சமுதாயத்தை அப்படியே படம்பிடித்தது என்று கொள்வதும் பேதைமை. புலவர் எவரைப் பாடினர், எவரிடம் பரிசில் பெற்றனர் என்ற கேள்விகள் உண்டு. கடலோரத்து மணலிலே மீனும் மதுவும் ஆட்டமும் கூடியிருத்தல் நேற்று விமானத்தில் வந்திறங்கிய வழக்கமல்ல என்பதற்கு மட்டும் இச்சான்றுகள் போதும். நெய்தல் திணையைத் தேர்வுத்தாளில் எழுதிப் புள்ளி பெறுவோர் நெய்தல் நில மக்களின் வாழ்வை ஒழுக்கக்கேடு என்பாராயின், அவர் படித்தது இரங்கலை மட்டுந்தான்.

உண்மையில் இவ்வொழுக்க நோக்கு எங்கிருந்து வந்தது என்பதை நோக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மிசனரிமார் எமது திருவிழாக்களைப் பழித்தனர். அவர்களுக்கு எதிராகச் சைவத்தைக் காத்து நின்ற ஆறுமுக நாவலரும் (1822-1879) கோயிலிலே ஆடுமகளிரின் ஆட்டத்தை வன்மையாகக் கண்டித்தார். எதிரிகளிருவரும் ஒரு விடயத்தில் உடன்பட்டனர். அவ்விடயம் ஆடும் பெண்ணின் உடல். யாழ்ப்பாணத்து வேளாண் நடுத்தர வர்க்கம் அவ்வுடன்பாட்டையே பண்பாடு எனப் பெயரிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. கரையோரச் சாதியினரின் பாட்டும் கூத்தும் குடியும் அப்பண்பாட்டு எல்லைக்கு வெளியே நின்றன. இன்று கடற்கரை ஆட்டத்தைப் பழிக்கும் குரலிலே, மீன் மணக்கும் மனிதர்மீது மேட்டுக்குடி கொண்டிருந்த பழைய அருவருப்பும் கலந்திருக்கின்றது.

ஆட்டத்தின் இசை அந்நியமானது என்பது அடுத்த வாதம். ஆம், விடுதிகளில் ஒலிப்பவற்றுட் பெரும்பகுதி இறக்குமதிச் சரக்கே. ஆயினும் நள்ளிரவு நெருங்க, உள்ளூர்ப் பரிசாரகரும் சேர்ந்து ஆடத் தொடங்கும்போது அங்கு எழுவது பைலா. பைலா என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியில் ஆடுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. போர்த்துக்கேயர் காலத்து எச்சங்களோடு ஆபிரிக்க வழிவந்த காப்பிரி மக்களின் தாளமும் சேர்ந்து உருவாகிய அது, மட்டக்களப்புப் பறங்கியரிடையேயும் புத்தளத்துக் காப்பிரிகளிடையேயும் உயிர்வாழ்ந்தது; பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பெஸ்ரியன் அதனைச் சிங்கள மக்களின் பொதுச் சொத்தாக்கினார். 1970களிலே நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப்பிசை என்ற பெயரில் அதனை எமது கல்யாண வீடுகளுக்குள்ளும் கொண்டுவந்தனர். கல்யாண வீட்டிலே மாமாமார் ஆடினால் அது கலகலப்பு; கடற்கரையிலே மருமகள் ஆடினால் அது சீரழிவு. மனோகரனின் 'சுராங்கனி' பாட்டுக்குப் பொருள் சுராங்கனிக்கு மீன் கொண்டுவருதல். அப்பாட்டுக்கு இன்று வெள்ளைக்காரரும் கொழும்பாரும் ஆடும் மணலிலே மீன் கொண்டுவந்து இறக்குவதற்கு மீனவனுக்கு இடமிருக்கின்றதா? எமது கண்டனம் அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றி வழக்குப் பேசிக்கொண்டிருக்கையில் நிலம் கைமாறிய கதை உலகில் வேறிடத்திலும் உண்டு. ஹவாய்த் தீவுகளுக்கு 1820 இல் அமெரிக்க மிசனரிமார் வந்தனர். அவர்களது போதனையை ஏற்ற அரசி காஅஹுமானு 1830 இல் ஹூலா நடனத்தைப் பொதுவிடங்களில் ஆடலாகாதென ஆணையிட்டார். தீவுமக்களின் ஒழுக்கம் காப்பாற்றப்பட்டது. 1848 இல் நிலப் பங்கீடு நடந்தது. பொது உரிமையாயிருந்த நிலம் தனியுடைமையாயிற்று. 1850 இல் அந்நியர் நிலம் வாங்கச் சட்டம் இடந்தந்தது. கரும்புத் தோட்டங்கள் பெருகின. 1893 இல் அரசே கவிழ்க்கப்பட்டது. 1898 இல் தீவுகள் ஐக்கிய அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. 1901 இல் வைக்கிக்கிக் கரையிலே மோவானா ஹோட்டல் திறக்கப்பட்டது. பின்னர் நடந்ததுதான் விசித்திரம்: தடைசெய்யப்பட்ட ஹூலா, ஹோட்டல் விருந்தினருக்கான மாலைநேரக் காட்சியாகத் திரும்பிவந்தது. ஆட்டத்தை ஒழித்தவர்களால் ஆட்டத்தை ஒழிக்க முடியவில்லை. நிலம் மட்டும் திரும்பி வரவில்லை. 1930களில் ஹொலிவூட்டிலே மூங்கிலும் ரம்மும் கொண்டு 'தென்கடல்' மதுச்சாலைகள் தோன்றின. அவற்றின் நகல்களையே இன்று உண்மையான தென்கடற்கரைகள் தமக்குத் தாமே கட்டிக்கொள்கின்றன.

இனி எமது கரைக்கு வருவோம். கடற்கரை விருந்துக்கும் மீன்பிடிக்கும் இடையிலான முரண்பாடு வெறும் மனக்கசப்பல்ல. அது பருவத்திலும் மணலிலும் வேரூன்றிய பொருளாதார முரண்பாடு. கிழக்கிலே கரைவலைக்கு உகந்த காலம் கடல் அமைதியாயிருக்கும் மாதங்கள். உல்லாசப் பயணிகளின் காலமும் அதுவே. கரைவலை என்பது ஒருவன் தோணியிற் சென்று வீசிவிட்டு வரும் சிறு வலையல்ல. வலையின் ஓர் அந்தத்துக் கயிற்றைக் கரையில் விட்டுத் தோணி கடலுக்குள் அரைவட்டமாகச் சென்று மறு அந்தத்தைத் தொலைவில் வேறோரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். பின்னர் இரு பக்கமும் வரிசையாக நின்று ஆட்கள் இழுப்பர். இழுக்க இழுக்க இரு வரிசைகளும் நெருங்கிவரும். கடைசியில் மடி கரையேறும். இதற்கு நீண்டதும் தடையற்றதுமான மணற்பரப்பு வேண்டும். வலை உலர்த்தவும், கருவாடு போடவும், தோணியை மேலேற்றவும் இடம் வேண்டும். மேசையும் நாற்காலியும் சாய்கதிரையும் குளிப்போரும் நிறைந்த கரையிலே வலை இழுக்க முடியாது. ஆகவே 'இரண்டும் அருகருகே நடக்கலாம்' என்று அதிகாரிகள் கூறும் சமாதானம் கரைவலையைக் கண்ணாற் காணாதவரின் சமாதானம். அமைதியான கடலும் அகன்ற மணலும் ஒன்றே. அவற்றைக் கேட்பவர் இருவர்.

இதில் யார் பக்கம் அரசு நின்றது என்பதற்கு வரலாறு உண்டு. 1966 இலே உல்லாசப் பிரயாணச் சபை அமைக்கப்பட்டது. அவ்வாண்டு இந்நாட்டுக்கு வந்த பயணிகள் 18,969 பேர். 1967 இல் வகுக்கப்பட்ட பத்தாண்டுத் திட்டம் கிழக்குக் கரையையும் தனது வலயங்களுள் ஒன்றாகக் கொண்டது. பாசிக்குடாவிலும் விடுதிகள் எழுந்தன. 1982 இல் பயணிகளின் தொகை 407,230 ஆயிற்று. அடுத்த ஆண்டு நடந்ததை இங்கு எழுத வேண்டியதில்லை. போர் நடந்த காலத்திற் கிழக்கின் விடுதிகள் பாழடைந்தன. மீனவனோ பாஸும் கடல்வலயத் தடையும் தாங்கி, இடையிடையே அதே கடலில் இறங்கிக்கொண்டிருந்தான். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஏறியது. அதன்பின் வடக்கு, கிழக்கில் 200 மீற்றரும் தெற்கு, மேற்கில் 100 மீற்றரும் கட்டடத் தடை வலயம் என அறிவிக்கப்பட்டது. வீடிழந்த மீனவன் உள்ளே போக வேண்டும். உல்லாச விடுதிகளுக்கோ விலக்குகள் கிடைத்தன. கடல் இருவருக்கும் ஒரே கடல்தானே என்று அப்போது எவரும் வினவவில்லையா? வினவினர். அறுகம்குடா மக்கள் வினவினர். வெறிதாய்ப் போன கரையைப் பெருமுதலீட்டு உல்லாச நகரமாக்கும் திட்டத்துக்கு எதிராக அவர்கள் எழுப்பிய குரலை நவோமி கிளெய்ன் தமது 2007 ஆம் ஆண்டு நூலிலே உலகறியச் செய்தார். எமது பண்பாட்டுக் காவலரின் சொற்பொழிவுகளில் அக்குரல் ஒருபோதும் கேட்டதில்லை.

அறுகம்குடாவுக்குத் தெற்கே பாணமை. 2010 யூலையிலே அங்கு விவசாயக் குடும்பங்கள் தம் காணிகளிலிருந்து பலவந்தமாக வெளியேற்றப்பட்டன, குடிசைகள் எரிக்கப்பட்டன. பின்னர் அப்பகுதியிலே கடற்படையினர் நடத்தும் விடுதி எழுந்தது. 2015 பெப்ரவரியில் காணிகளைத் திருப்பிக் கொடுக்க அமைச்சரவை தீர்மானித்த பின்னும் மக்கள் போராட வேண்டியிருந்தது. வெளியேற்றப்பட்டோர் சிங்களம் பேசும் எளிய கமக்காரர். இதனை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பண்பாட்டை மட்டும் பேசுவோமாயின் பாணமைக் கமக்காரனும் பாசிக்குடா மீனவனும் ஒரு வரிசையில் நின்று கயிறிழுக்கும் நாள் வராது. தமிழ்ப் பண்பாடு, முஸ்லிம் பண்பாடு, சிங்களப் பண்பாடு என்று மூன்று பக்கமும் மூன்று காவலர் நின்று ஒரே ஆட்டத்தை மூன்று மொழியிற் பழிப்பர். மணலைப் பற்றிய கோரிக்கை எந்த மொழியிலும் எழாது.

கண்டனக்காரர் முதலாளிக்குச் செய்யும் பேருதவி இதனினும் நுட்பமானது. கிராமம் முழுவதும் விடுதியை இழிந்த இடம் என்று கருதுமாயின் என்ன நிகழும்? விடுதி மூடப்படாது. ஊர்ப் பெண் அங்கு வேலைக்குப் போகமாட்டாள். போனால் அவளுக்குக் கல்யாணம் பேச வருவோர் அதை விசாரிப்பர். ஊர்ப் பையன் போவான், ஆனால் வீட்டில் சொல்லமாட்டான். வெட்கப்பட்டுச் செய்யும் வேலைக்கு உரிமை கேட்பவர் எவருமில்லை. நியமனக் கடிதம் இல்லை. ஊழியர் சேமலாப நிதி இல்லை. பருவம் முடிந்ததும் வேலையும் முடியும். பட்டியலிலே விருந்தினரிடம் 10 வீதம் சேவைக் கட்டணம் அறவிடப்படுகின்றது. அப்பணம் சேவை செய்தவனுக்கு எவ்வளவு போய்ச் சேர்கின்றது என்று கணக்குக் கேட்பவர் யார்? சங்கம் அமைத்துக் கேட்க வேண்டியவன் தான் அங்கு வேலை செய்வதையே மறைத்துக்கொண்டிருக்கின்றான். சமையலறையிலே பதினான்கு மணித்தியாலம் நிற்பவனுக்கு ஊர் வைத்த பெயர் 'கெட்டுப்போனவன்'.

கடந்த விடுமுறையில் கிழக்குக் கரையின் ஒரு விடுதியில் (பெயர் வேண்டாம்) நான் கண்டது இது. பின்கதவால் மீன் வந்தது. கொண்டுவந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மீனவர். நிறுவை பார்த்து, விலை குறைத்து, அடுத்த கிழமை தருவதாகச் சொல்லி அனுப்பினர். அவர் முன்புறமாக நடந்து கரைக்குப் போக முற்பட்டபோது, விருந்தினர் இருக்கின்றனர், சுற்றிப் போங்கள் ஐயா என்று காவலாளி மரியாதையாகச் சொன்னான். காவலாளியும் அதே ஊரவன். மரியாதைக்குக் குறைவில்லை. பாதைதான் இல்லை. கடற்கரையின் நீரேறும் மணல் அரசுடைமை, பொதுமக்களுக்குரியது என்பது இந்நாட்டுச் சட்டம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயத்துள் அடக்குகின்றது. அவ்வலயத்தினுள் ஒரு மீனவர் தமது கடலுக்குப் போவதற்குச் சுற்றுவழி கேட்க வேண்டியிருக்கின்றது.

பெண்களைப் பற்றி எமது காவலர் மிகுந்த கவலை கொண்டவர்கள். ஆகவே இன்னொரு சட்டத்தையும் அவர்கள் நினைவுகொள்வது நன்று. 1979 ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தலொன்று தவறணைகளிலே பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்தது. மது விற்கும் இடங்களிற் பெண்கள் வேலை செய்வதற்கும் மதுவரி ஆணையாளரின் அனுமதி வேண்டுமென்றது. 2018 சனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடைகளை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தைத் திரும்பப் பெறுமாறு பணித்தார். இது குடிப்பதற்கான உரிமை பற்றிய வேடிக்கைச் செய்தியாகவே எமது பத்திரிகைகளில் வந்தது. வேலைக்கான உரிமை பற்றிய பகுதியை எவரும் பொருட்படுத்தவில்லை. மேசைக்கு உணவு கொண்டுசெல்லும் ஒரு பெண்ணின் சம்பளம் அவளது கற்பு பற்றிய விவாதத்துள் அமிழ்ந்துபோனது. உழைக்கும் பெண்ணைப் பாதுகாப்பதற்குச் சம்பளச் சட்டமும், இரவிலே வீடு திரும்ப வாகனமும், தொல்லை கொடுக்கும் விருந்தினனை வெளியேற்றும் அதிகாரமும் வேண்டும். இவற்றைக் கேட்டு எந்தக் காவலர் மேடையேறினார்?

மது கேடல்லவா என்று கேட்பர். கேடுதான். கிழக்கிலும் வன்னியிலும் மலையகத்திலும் மதுவால் அழிந்த குடும்பங்களைப் பற்றி எனக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆயின் அக்குடும்பங்களை அழித்தது கடற்கரையிலே மெழுகுதிரி வெளிச்சத்தில் விற்கப்படும் மது அன்று. அதன் விலை அவர்களுக்கு எட்டாது. சந்தியிலிருக்கும் தவறணையும், கள்ளச் சாராயமும், நாளுழைப்பின் களைப்புமே அவர்களை அழித்தன. மதுவிலக்குப் பேசுவோர் தவறணை உத்தரவுப் பத்திரம் யாருடைய கையில் இருக்கின்றது என்று முதலிற் பார்க்கட்டும். அங்கு தேர்க்கொடை எழுதிய பெரிய மனிதர் சிலரின் பெயரைக் கண்டாலும் காண்பர். சிறுவர்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டும் கொடுமை தென்கரையிலே நிகழ்ந்தது என்பதும் மெய். அதற்கெதிராக 1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. 1998 இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை நிறுவப்பட்டது. குற்றத்தைக் குற்றமாகத் தண்டிக்க வேண்டும். வயதுவந்த இருவர் மணலிலே ஆடுவதையும் அக்குற்றத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசுவோர், குற்றத்தின் கனத்தைக் குறைக்கின்றனர்.

மறுபுறம், டொலர் வருகின்றதே என்று சொல்லும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 இலே 2,333,796 பயணிகள் வந்தனர். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்கும் அதன்பின் வந்த கொள்ளைநோய்க்கும் பிறகு, 2021 இலே வந்தோர் 194,495 பேர். மூன்றே ஆண்டுகளில் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கக்கூடிய தொழிலை நம்பி, ஆண்டாண்டாகச் சோறு போட்ட கரைவலைப் பாட்டை அழிப்பது எவ்வகைப் பொருளாதாரம்? வரும் டொலரிலும் ஒரு பகுதி இறக்குமதி மதுவுக்கும் இயந்திரத்துக்கும் அந்நிய முகவருக்கும் திரும்பிப் போகின்றது. எஞ்சியதிலே உல்லைக்கு எவ்வளவு, பொத்துவில் பிரதேச சபைக்கு எவ்வளவு என்ற கணக்கையே நான் கேட்கின்றேன். வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டால் அக்கணக்கைக் கேட்கலாகாது என்ற ஒரு மரபு இந்நாட்டிலே வளர்ந்துவருகின்றது.

2024 பெப்ரவரியில் உணவட்டுனவிலே நிகழவிருந்த ஒரு களியாட்டத்தை இங்கு நினைவூட்டுவது பொருந்தும். வெள்ளைத் தோலுடையோர்க்கு மட்டுமே அநுமதி என்று பொருள்படும் நிபந்தனையோடு அது விளம்பரப்படுத்தப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது, நிகழ்ச்சி கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பை நான் வரவேற்கின்றேன். ஆயினும் வாசலிலே தோலின் நிறம் பார்ப்பது அன்றுதான் தொடங்கியதா? எழுதப்படாத அந்நிபந்தனை நீண்டகாலமாக விலைப்பட்டியலிலே எழுதப்பட்டிருக்கின்றது. காவலாளியின் பார்வையிலே எழுதப்பட்டிருக்கின்றது. 'இன்று தனிப்பட்ட விருந்து' என்ற மரியாதையான பொய்யிலே எழுதப்பட்டிருக்கின்றது. ஒரு விளம்பரத்தில் எழுத்தானபோது எமக்குக் கோபம் வந்தது. அக்கோபத்தின் உட்பொருளைப் பண்பாட்டுக் காவலர் ஆராயட்டும்: மக்கள் அன்று கேட்டது ஆட்டத்தை நிறுத்துமாறல்ல, தம் நாட்டுக் கரையிலே தம்மை ஒதுக்கி ஆடலாகாது என்பதையே. பட்டினப்பாலைப் பரதவன் ஆடியபோது மணல் அவனுடையது, மீன் அவனுடையது, பனையும் அவனூர்ப் பனை. அவனது பேரன் தட்டேந்தி நிற்கின்றான் என்பதே எனது வழக்கு. தட்டை வைத்துவிட்டு அவனும் ஆடட்டும் என்பேன். காவலரோ அவனைத் தட்டோடு நிறுத்திவிட்டு ஆடுவோரின் உடையை அளக்கின்றனர்.

எமது சங்கத்திலே பொத்துவில், கல்குடா, வாழைச்சேனை, நிலாவெளி, முல்லைத்தீவு ஆகிய ஊர்களிலிருந்து வந்தோர் உளர். வரும் விடுமுறையிலே ஒவ்வொருவரும் தத்தம் கரையின் மீனவர் சங்கத்தாரைக் கண்டு சில விபரங்களை எழுதிவரலாம். போருக்கு முன் அங்கு எத்தனை கரைவலைப் பாடுகள் இருந்தன. இன்று எத்தனை இழுபடுகின்றன. நின்றுபோன பாடு எந்த ஆண்டில் நின்றது. அவ்விடத்தில் இப்போது நிற்பது என்ன. கடலுக்குப் போகும் பொதுப்பாதைகளில் எவை திறந்துள்ளன. விடுதிகளில் வேலை செய்யும் ஊரவர் எத்தனை பேர், அவர்களுட் பெண்கள் எத்தனை பேர், நியமனக் கடிதம் பெற்றவர் எத்தனை பேர். பிரதேச சபைகளிலே வழங்கப்பட்ட உத்தரவுப் பத்திரங்களின் பட்டியலை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். இவ்விபரங்களை ஊர்வாரியாக அடுத்த மலரிலே வெளியிட ஆசிரியர் குழு இடந்தர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கின்றேன். உல்லைக் கரைக்குரிய பகுதியை எழுதித்தர நான் ஒப்புக்கொள்கின்றேன்.